அடியில் பார்க்காதவர்

எங்கள் லங்காவித் தீவின் கடற்கரையில் ஜெல்லி மீனுக்கு எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. குரங்குக்கு இருக்கிறது. ஆளை இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டத்துக்குச் சிவப்புக் கொடியே இருக்கிறது. ஆனால் இவை எல்லாவற்றையும்விட அதிகச் சேதம் விளைவிக்கும் ஓர் உயிரினம் அதே மணலில், கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய தேநீரை உறிஞ்சிக்கொண்டு, சுதந்திரமாகத் திரிகிறது. அதற்கு ஒரு பலகை கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த உயிரினத்தின் பெயர், சத்தத்தைக் கேட்டே சொல்பவர்.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். வாடகைக்கு விடும் ஜெட் ஸ்கி ஒன்று கரையோரம் நின்றுபோனால் போதும், வந்துவிடுவார். ஓடி வரமாட்டார். நடந்து வருவார். வந்தவுடன் வண்டியைப் பார்க்கமாட்டார், கடலைப் பார்ப்பார். பிறகு கையை உயர்த்தி, கூடியிருப்பவர்களை அமைதிப்படுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, "ஸ்டார்ட் பண்ணு" என்பார். எஞ்சின் இருமும். "ம்" என்பார். "இன்னொரு வாட்டி" என்பார். மறுபடியும் இருமும். தலையை லேசாகச் சாய்த்து, தேநீர்ப் பையை ஒருமுறை உறிஞ்சி, தீர்ப்புச் சொல்வார்.

"பிளக்கு."

எப்போதும் பிளக்தான். பிளக் இல்லையென்றால் பெட்ரோல். பெட்ரோலும் இல்லையென்றால் பேட்டரி. அதுவும் இல்லை என்று நிரூபணமாகிவிட்டால் வண்டியைச் செய்தவன்மேல் பழி. அதற்குப் பிறகும் வண்டி ஓடவில்லையென்றால், நீங்கள் அவரைக் கூப்பிட்ட நேரம் சரியில்லை.

ஜெட் ஸ்கி அப்படியொன்றும் பெரிய மர்மம் இல்லை. கடலில் ஓடும் மோட்டார்சைக்கிள் அது. சக்கரத்துக்குப் பதில் வயிற்றில் ஒரு பம்பு. அடியிலுள்ள கம்பித் தடுப்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் விசிறி அதைப் பின்பக்கம் பீய்ச்சி அடிக்க, வண்டி முன்னால் பாய்கிறது. அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எஞ்சினைச் சுற்றி ஓடி அதன் சூட்டைத் தணிக்கிறது. அவ்வளவுதான் விஷயம். எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை என்றால், பெரும்பாலும் கோளாறு வயிற்றில்தான். பிளாஸ்டிக் பையோ, அறுந்த வலையோ, யாரோ விட்டெறிந்த கயிறோ உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் அதைப் பார்க்க வேண்டுமென்றால் மணலில் ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தில் சேறு அப்ப, கையைத் தோள்வரை உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். அதில் என்ன கௌரவம் இருக்கிறது, சொல்லுங்கள்? பிளக்கைக் கழற்றுவதற்கு நின்றுகொண்டே வேலை செய்யலாம். கழற்றிய பிளக்கை வெயிலில் தூக்கிப் பிடிக்கலாம், முகர்ந்து பார்க்கலாம், ஊதலாம், சுற்றி நிற்பவர்களுக்கு ஒவ்வொருவராகக் காட்டலாம், சட்டையில் துடைத்து அதே பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு, "இப்ப பாரு" என்றும் சொல்லலாம். இரண்டில் எதை ஒரு நிபுணன் தேர்ந்தெடுப்பான்?

ஒருமுறை ஒரு நிபுணர் ஜம்ரியின் வண்டியை அரைமணி நேரம் ஆராய்ந்தார். ஜம்ரி எங்கள் கரையில் நான்கு ஜெட் ஸ்கி வாடகைக்கு விடுகிறவன். பிளக் மாற்றியாயிற்று. பேட்டரி மாற்றியாயிற்று. வண்டி மூச்சே விடவில்லை. வாடகைக்கு எடுத்தவர், ஈப்போவிலிருந்து வந்த சுற்றுலாக்காரர், மணிக்கட்டில் மாட்டிய சிவப்புக் கயிற்றை ஆட்டிக்கொண்டு, இரண்டு மூன்று தடவை ஏதோ சொல்ல வந்தார்.

"சார், ரிப்பேர் நடக்குது. கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க" என்றார் நிபுணர்.

"இல்ல, இந்தக் கயிறு நுனியில இருக்கிற கிளிப்ப எங்க மாட்டணும்னு கேக்கலாம்னு..."

அந்தக் கிளிப்பை மாட்டாமல் எந்த ஜெட் ஸ்கியும் உயிர்பெறாது. ஆள் தண்ணீரில் விழுந்தால் எஞ்சின் தானாக நிற்பதற்காக வைத்த ஏற்பாடு அது. எங்கள் கடற்கரையில் பிறந்த நண்டுக்குக்கூடத் தெரியும். நிபுணர் என்ன செய்தார் தெரியுமா? கிளிப்பை வாங்கி மாட்டிவிட்டு, எஞ்சின் கிளம்பியதும், "பேட்டரி மாத்தினது நல்லதாப் போச்சு" என்றார்.

இவ்வளவு விவரமும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? அந்த நிபுணர் நான்தான் ஐயா. பெயர் பஹாரின், நானும் இதே கரையில் ஜெட் ஸ்கி வாடகைக்கு விடுகிறவன். கரையில் என்னை 'டாக்டர் பஹாரின்' என்பார்கள். அதை நான்கு வருடம் பாராட்டு என்று நம்பிக்கொண்டு திரிந்தேன்.

இனி என் மகள் ஹஸீராவின் நிக்காஹ் நாளுக்கு வருகிறேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டாலும் ஜம்ரி சொல்லிவிடுவான். அவன் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

மாப்பிள்ளை ஹைகல், எதிர்க்கரையிலுள்ள கோலா பெர்லிஸ் படகுத்துறையில் ஃபெரி டிக்கெட் கவுன்டரில் வேலை பார்க்கிறவன். பேச்சு மெதுவாக வரும். ஜெட் ஸ்கியை 'அந்த வண்டி' என்றுதான் சொல்வான். முதல்தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவனைச் சோதிப்பதற்காக, "எஞ்சின் சூடாகி நிக்குது, என்ன காரணமா இருக்கும்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "தெரியல மாமா" என்றான். தெரியவில்லை என்று ஓர் ஆண்பிள்ளை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. அன்றைக்கு ராத்திரியே என் மனைவி சல்மியாவிடம், "பையன் நல்லவன்தான், ஆனா ஒண்ணும் தெரியாதவன்" என்று அறிக்கை கொடுத்தேன்.

நிச்சயத்துக்கு அவன் வீட்டார் கொண்டுவந்த தட்டுகளில் ஒன்றில் எனக்கென்று ஒரு கைலி இருந்தது. அடர்பச்சையில் மெரூன் கட்டம். ஹைகலின் அம்மா கடைகடையாக ஏறி இறங்கித் தேடி எடுத்ததாம். சும்மா சொல்லக்கூடாது, கட்டினால் உடம்பில் இருப்பதே தெரியாது, அப்படியொரு மெத்து. வாயால் பாராட்டவில்லையே தவிர, தினமும் அதைத்தான் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

நிக்காஹ் சனிக்கிழமை. அதற்கு முந்தைய புதன்கிழமை சாயங்காலம், என் வண்டியைத் தண்ணீரில் தள்ளுவதற்காகக் கைலியை அவிழ்த்து ஹேண்டில்பாரில் போட்டுவிட்டு, கால்சட்டையோடு இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு துயரங்கள் நேர்ந்தன. ஒன்று, வண்டிக்கு நோய் கண்டது: எஞ்சின் ஊரைக் கூட்டுகிறது, வண்டி ஊர்கிறது. இரண்டு, கைலியைக் காணோம்.

நீங்கள் இந்நேரம் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருப்பீர்கள். நான் போடவில்லை. வண்டி விஷயத்தில் கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டேன். கைலி விஷயத்தில் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

"என் கைலிய எங்க வச்ச?"

"நான் எங்க வச்சேன்? நீங்கதான் கட்டிக்கிட்டுப் போனீங்க."

"அப்ப ஜம்ரிதான். அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே அது மேல ஒரு கண்ணு."

வியாழக்கிழமை பிளக்குகளை மாற்றினேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் பழைய பெட்ரோலை வடித்துப் புதிதாக ஊற்றினேன். உறவுக்காரப் பெண்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு வெங்காயம் உரித்தார்கள். சாயங்காலம் வண்டியை ஓட்டிப் பார்த்தபோது புதிதாக ஒரு பீப் சத்தம் வந்தது. எஞ்சின் சூடாகிறது, நிறுத்து என்று வண்டி கெஞ்சும் சத்தம் அது. எனக்குக் காதைத் துளைத்தது. நிபுணன் என்ன செய்வான்? பீப் அடிக்கிற வயரைப் பிடுங்கி, பத்திரமாகச் சமையலறையில் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வைத்தான். வண்டி அமைதியாகிவிட்டது. குணமாகிவிட்டது என்று ஜம்ரியிடம் அறிவித்தேன்.

"ஓடாது அண்ணே" என்றான் ஜம்ரி.

இந்த இரண்டு சொற்களால்தான் மறுநாள் அத்தனையும் நடந்தது.

அன்று ராத்திரி சல்மியா என் கையைப் பிடித்து விளக்கொளியில் திருப்பிப் பார்த்தாள். "நாளைக்குப் பொண்ணுக்கு நிக்காஹ். இந்தக் கையைத்தான் மாப்பிள்ளை பிடிக்கணும். ஆயில் மணக்குது. உங்களுக்கு வெக்கமா இல்ல?"

விஷயம் என்னவென்றால், நிக்காஹ் வசனத்தைப் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். நாக்குக் குளறுமோ என்று பயந்து, பல தகப்பன்கள் அந்தப் பொறுப்பைக் காஜியாரிடமே கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஹஸீரா என்னிடம் கல்யாணத்துக்கென்று நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"காஜியார்கிட்ட குடுத்துராதீங்கப்பா. உங்க வாயாலதான் சொல்லணும். அதான் எனக்கு வேணும்."

"இதென்னம்மா பெரிய விஷயம்" என்றேன். பிளக்கை முடுக்கும்போதெல்லாம் அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். ஒரு திருகு, ஒரு வரி.

சனிக்கிழமை காலை. பத்து மணிக்கு நிக்காஹ். காஜியாருக்கு அன்று மூன்று வீடு. எங்கள் வீட்டில் பத்தரை வரைதான் இருக்க முடியும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எட்டு மணிக்கு எல்லாரும் ஆளுக்கொரு வேலையில் இருந்தார்கள். ஹஸீரா அலங்காரக்காரி முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பெரிய சட்டியில் விருந்துக்கான ரெண்டாங் இறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் வேலை இல்லை. காதுக்குள் 'ஓடாது அண்ணே' மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் சல்மியா, கரண்டியோடு.

"பத்து நிமிஷம்."

"இன்னைக்கா?"

"மத்தியானம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகணும்ல? வண்டி ரெடியா இருக்கான்னு பாத்துட்டு வந்துர்றேன்."

போனைக் குளிர்சாதனப் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனேன். நனைந்துவிடக்கூடாதே என்ற முன்யோசனை.

என்ன ஆச்சரியம்! வண்டி ஓடியது. கரையை விட்டு அழகாக, வழுக்கிக்கொண்டு போனது. ஜம்ரி மணலில் நின்றிருந்தான்; அவனைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுப் போனேன். நீர் வடியும் நேரம் அது. கடல் வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. கரைக்காற்றும் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த இரண்டும் தள்ளியதை என் ரிப்பேர் தள்ளுகிறது என்று நினைத்துக்கொண்டேன். பாறைத் தீவைத் தாண்டும்வரை எனக்குள் அப்படியொரு பெருமிதம். நிக்காஹ் வசனத்தைக்கூட எஞ்சின் சத்தத்துக்கு மேல் உரக்கச் சொல்லிப் பார்த்தேன்.

பிறகு வண்டியைக் கரைப்பக்கம் திருப்பினேன்.

எஞ்சின் உறுமியது. கரை வரவில்லை. இன்னும் முறுக்கினேன். இன்னும் உறுமியது. கரை, சந்தேகமே இல்லை, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. என் வீட்டு வாசலில் போட்ட மஞ்சள் பந்தல் துளியூண்டாகத் தெரிந்தது. ஐந்து நிமிடம் முழுப்பலத்தோடு முறுக்கினேன். சூடாகிறது என்று எச்சரிக்க வேண்டிய பீப், வீட்டில் பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. சீட்டுக்கு அடியிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. எஞ்சின் நின்றது. அதன்பிறகு கடல் மட்டும்தான். சத்தத்தைக் கேட்டே சொல்பவனுக்குக் கேட்பதற்கு ஒரு சத்தமும் இல்லை.

அப்போதாவது கீழே பார்த்தேனா? அதுதான் இல்லை. சீட்டைத் தூக்கி, சூடு பொறுக்க முடியாமல் ஊதி ஊதி, ஒரு பிளக்கைக் கழற்றினேன். வெயிலில் தூக்கிப் பிடித்தேன். காட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. ஓர் அலை வந்து வண்டியை ஆட்டியது. பிளக் கைநழுவிக் கடலுக்குள் போனது. பெரும்பாலும் இல்லாத கோளாறைத்தான் நான் கண்டுபிடிப்பேன். அன்றைக்குப் புதிதாக ஒன்றை உண்டாக்கியும் விட்டேன்.

கரையைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினேன். ஜம்ரி பார்த்தான். நான் வெற்றியைக் கொண்டாடுகிறேன் என்று நினைத்து, பதிலுக்கு அவனும் இரண்டு கையையும் ஆட்டினான்.

சும்மா மிதந்துகொண்டிருந்த அந்த ஒரு மணி நேரத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. கடலைப் பார்த்து இல்லை. நான் நன்றாக நீந்துவேன், உடம்பில் மிதவைச் சட்டை இருக்கிறது. ஹஸீரா அலங்காரம் முடிந்து கண்ணைத் திறந்து, "அப்பா எங்க?" என்று கேட்பாளே, அதை நினைத்துத்தான். இருபத்தைந்து வருஷத்தில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்ட பெண். அழுகை வந்தது ஐயா. சீட்டில் உட்கார்ந்து அழுதேன்.

ஒன்பதரைக்குச் சல்மியா கரையில் போய்ப் போட்ட கூச்சலில்தான் ஜம்ரிக்கு உண்மை புரிந்ததாம். தன் வண்டியில் பறந்து வந்தான். அவன் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர், இரண்டு வண்டியில். நடந்ததை நன்றாகக் கவனியுங்கள். நடுக்கடலில், ஓடுகிற ஜெட் ஸ்கிகள் மூன்று. ஒவ்வொன்றிலும் பின்சீட்டு காலி. கரையில் நிக்காஹுக்குக் காத்திருக்கும் பெண். யாராவது ஒருவன், "அண்ணே, ஏறுங்க, போவோம்" என்று சொல்ல வேண்டுமா, இல்லையா?

"ஸ்டார்ட் பண்ணுங்க, சத்தத்தக் கேப்போம்" என்றான் ஜம்ரி.

"ஸ்டார்ட் ஆகாதுடா. பிளக்கு கடல்ல போச்சு."

"பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன், பிளக்குதான்னு."

"பிளக்கு இல்ல, பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு" என்றான் இரண்டாமவன்.

"பேட்டரி போல்ட்டு லூசா இருக்கும்" என்றான் மூன்றாமவன், கண்ணை மூடியபடி. நின்றுபோன எஞ்சினில் அவனுக்கு என்ன கேட்டதோ!

இதில் என் பங்கு என்ன என்கிறீர்களா? மூன்று பேர் சொன்னதையும் மறுத்து, தெர்மோஸ்டாட் என்று வாதாடிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன் அழுதவன் அதே நான்தான். பத்து நிமிடம் வாதம் நடந்தது. அதற்குள் நால்வரும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் வெளியே மிதந்துபோயிருந்தோம்.

அப்போதுதான் எங்கள் கரை மீனவர் பாக் லங்கின் படகு வந்தது. முன்பக்கத்தில், வெளிர்மஞ்சள் நிக்காஹ் உடையில், இடுப்பில் சரிகைத் துணியும் தலையில் கறுப்புத் தொப்பியுமாக, நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான் மாப்பிள்ளை ஹைகல். முதல் ஃபெரியில் வந்து இறங்கியவன், விஷயம் தெரிந்ததும் நேராகப் படகில் ஏறிவிட்டானாம்.

"மாமா, அடி கிடி படலையே?" என்றான் முதலில். அதுவரை யாருமே அதைக் கேட்கவில்லை.

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். தெர்மோஸ்டாட்டுதான்..."

"அடியில பாத்தீங்களா மாமா?"

நான்கு நிபுணர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"எனக்கு எஞ்சின் பத்தியெல்லாம் ஒண்ணும் தெரியாது மாமா. எங்க படகுத்துறையில எது நின்னாலும் மொதல்ல அடியிலதான் பாப்பாங்க. அதான் கேட்டேன்."

"நேரமாச்சு தம்பி, நிக்காஹ்..." என்றார் பாக் லங்.

"ஒரு நிமிஷம் பாக் லங். மாமாவுக்கும் மனசு கேக்காது." தொப்பியையும் சரிகைத் துணியையும் சட்டையையும் கழற்றி ஜம்ரியிடம் கொடுத்துவிட்டு, என் மருமகனாகப் போகிறவன் கடலில் இறங்கி என் வண்டிக்கு அடியில் போனான்.

முதல்தடவை வெறுங்கையோடு வந்தான். இரண்டாம் தடவை ஒரு சாண் துணி வந்தது. அடர்பச்சை. மூன்றாம் தடவை இழுக்க இழுக்க ஒரு கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு வந்தது. மெரூன் கட்டம். அதைத் தண்ணீரில் அலசி விரித்துப் பார்த்தான். நானும் பார்த்தேன். எனக்கு அந்த நிமிடம் வண்டியோடு சேர்ந்து முங்கிப்போனால் தேவலை என்றிருந்தது.

"அண்ணே, இது உங்க கைலி மாதிரியே இல்ல?" என்றான் ஜம்ரி. "நான் எடுத்துட்டேன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே!"

ஹைகல் அந்தக் கந்தலைச் சுருட்டினான்.

"இந்தக் கட்டம் எல்லாக் கடையிலயும் கிடைக்கும் ஜம்ரி அண்ணே. யாரோ கடல்ல விட்டுருப்பாங்க" என்றான் மெதுவாக. என் முகத்தைப் பார்க்காமல் படகின் மூலையில் அதைத் திணித்துவிட்டு, "மாமா, நீங்க படகுல ஏறுங்க. வண்டிய இவங்க கட்டி இழுத்துட்டு வரட்டும்" என்றான்.

ஒன்றும் தெரியாதவன் என்று நான் அறிக்கை கொடுத்த பையன், என் மானத்தைக் கந்தலோடு கந்தலாகச் சுருட்டி ஒளித்து வைத்துவிட்டான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி பத்து இருபது. காஜியார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹஸீரா என்னைப் பார்த்தாள். மை கலையக்கூடாதே என்று அழாமல் அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஹைகலும் நானும் தலையைத் துவட்டியும் துவட்டாமலும் உடை மாற்றி வந்து உட்கார்ந்தோம்.

"நேரம் குறைவா இருக்கு. நானே சொல்லிரட்டுமா?" என்றார் காஜியார் பெருந்தன்மையாக.

"வேணாம். நானே சொல்றேன்."

ஹைகலின் கையைப் பிடித்தேன். அவன் நகத்துக்குள் ஒரு பச்சை நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் பழகி வைத்திருந்ததெல்லாம் போயிற்று. "ஹைகல் பின் ரஸாலி" என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பந்தல் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஹைகல் என் கையை லேசாக ஓர் அழுத்து அழுத்தினான். கிளம்பிவிட்டேன். முழுதாகச் சொல்லி முடித்தேன். அவன் ஒரே மூச்சில் பதில் சொன்னான். "செல்லும்" என்றார்கள் சாட்சிகள். அதற்குப் பிறகு யார் மையும் கலையாமல் இல்லை. என்னுடையதை ஆயில் கறை என்று சொல்லிச் சமாளித்தேன்.

விருந்தில் ஹைகலின் அம்மா எனக்கு எதிரில் உட்கார்ந்தார்கள். "நாங்க குடுத்த கைலி சரியா இருந்துச்சா சம்பந்தி? நீளம் பத்துமோ பத்தாதோன்னு இருந்துச்சு."

ஹைகல் சட்டென்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். 'ரொம்ப நல்லாருந்துச்சு' என்று சொல்லிவிட்டு ரெண்டாங்கைப் போட்டுக்கொள்ளலாம். எனக்காக நடுக்கடலில் பொய் சொன்ன பையனை அவன் அம்மா முன்னாலும் பொய்யனாக்க மனம் வரவில்லை.

"எனக்கு எப்படியோ சம்பந்தி, என் பம்புக்கு ரொம்பக் கச்சிதமா இருந்துச்சு" என்றேன். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பிஸ்கட் டின் வரும்போது அந்த அம்மா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. சல்மியா போய் டின்னையே கொண்டுவந்து காட்டினாள். ஜம்ரியிடமும் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டாக்டர்" என்றான் படுபாவி.

அடுத்த வாரமே பெர்லிஸிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. அதே பச்சை, அதே கட்டம். உள்ளே ஒரு துண்டுச்சீட்டு: 'சம்பந்தி, இது தரைக்கு மட்டும்.'

திருந்திவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். போன செவ்வாய்க்கிழமை ஹஸீரா போன் செய்தாள்.

"அப்பா, புது வாஷிங் மெஷின் உர்ருன்னு சத்தம் போடுது. உள்ள துணி சுத்தவே மாட்டேங்குது. தண்ணியும் வெளிய போகல."

என்னை அறியாமல் என் கண் மூடிக்கொண்டது. "போனை மெஷின் பக்கத்துல கொண்டுபோய் வைம்மா" என்றேன். கேட்டேன். "ம்" என்றேன். "இன்னொரு வாட்டி" என்றேன். தீர்ப்பைச் சொல்ல வாயைத் திறந்த நேரத்தில் பின்னாலிருந்து ஹைகலின் குரல் மெதுவாக வந்தது. "மாமா, சிரமப்படாதீங்க. அடியில பாத்துட்டேன்."

அடியில் என்ன இருந்தது என்பதை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. உர்ரென்று சத்தம், துணி சுற்றவில்லை, தண்ணீர் போகவில்லை என்று படித்தவுடனே, மெஷினை நீங்கள் பார்த்ததுகூட இல்லை, ஆனாலும் உள்ளுக்குள் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டீர்களே, பெல்ட்டோ மோட்டாரோ, என்ன அது? வெட்கப்படாமல் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எங்கள் கரைக்கு வாருங்கள், அடியில் இருந்தது என்ன என்று அங்கே சொல்கிறேன். பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீர் ஒன்று உங்களுக்காக வாங்கி வைக்கிறேன். ஜம்ரி ஒதுங்கி இடம் கொடுப்பான்.